ரத்தம் எட்டாத பாதம்: தமனிப் புண்ணை மதிப்பிடும் முறையைப் பற்றி ஓர் ஆராய்ச்சி

நடுநிசி கழிந்த வேளையில், வீட்டார் எல்லாரும் அயர்ந்து உறங்கிக்கொண்டிருக்க, வயோதிகர் ஒருவர் மட்டும் கட்டிலின் ஓரத்தில் எழுந்து உட்கார்ந்து, ஒரு காலைத் தரையை நோக்கித் தொங்கவிட்டுக்கொண்டு விடியும்வரை அதைத் தடவியபடியே இருப்பாராயின், அவருடைய கால்விரல் நுனியில் உள்ள சிறு புண்ணைப் பற்றி வைத்தியர் அறியவேண்டிய விஷயங்களில் பாதி அந்தக் காட்சியிலேயே அடங்கிக் கிடக்கிறது. படுத்த நிலையில் பாதம் இதயத்தின் மட்டத்துக்கு வந்துவிடுகிறது. அடைபட்ட தமனி வழியே அந்த மட்டத்தில் பாதம்வரை சென்று சேரமாட்டாத ரத்தம், கால் தொங்கும்போது பூமியின் ஈர்ப்பைத் துணைகொண்டு ஓரளவு இறங்குகிறது. வலியும் சற்றுத் தணிகிறது. ரோகிக்கு இந்தச் சாஸ்திரம் தெரியாவிட்டாலும் உபாயம் தெரிந்துவிடுகிறது. நாளடைவில் அவர் படுக்கையையே துறந்து நாற்காலியில் உட்கார்ந்தபடி உறங்கப் பழகுகிறார். ஓயாமல் தொங்கும் கால் வீங்குகிறது. அந்த வீக்கத்தை மட்டும் கண்ட யாரோ ஒருவர், இது சிரைக் கோளாறு என்று தீர்மானித்து முழங்கால்வரை இறுக்கமாகப் பட்டித்துணி சுற்றிவிடுவாரேயானால், முன்பே க்ஷீணித்திருந்த ரத்த ஓட்டம் அடியோடு அற்று, ஒரு வாரத்துக்குள் விரல் கறுத்துப்போவதும் உண்டு.

இந்தச் சிறு விபரீதத்திலேயே நமது ஆராய்ச்சிப் பொருள் முழுவதும் அடங்கியிருக்கிறது. புண்ணின் நீள அகலங்களையும் ஆழத்தையும் அளப்பதற்கு முன்னால், அதை ஆற்றுவதற்கு வேண்டிய ரத்தம் அந்த ஸ்தானத்துக்கு வந்து சேர்கிறதா என்பதை அளக்கவேண்டும் என்பதும், அந்த அளவை அறியாமல் செய்யப்படும் சிகிச்சை எதுவாயினும், களிம்பாயினும் கட்டாயினும் கத்தியாயினும், இருட்டில் கல்லெறிவதற்கு ஒப்பானது என்பதும் என் கட்சி.

காரணத்தை நெடுக விவரிக்க வேண்டுவதில்லை. தமனியின் உட்சுவரில் கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து வழி குறுகுவதே பெரும்பாலான காரணம். புகைபிடித்தல், நீரிழிவு, ரத்தக் கொதிப்பு, கொழுப்பு மிகுதி ஆகிய நான்கும் அதை விரைவுபடுத்துகின்றன. பீடியும் சிகரெட்டும் ஓயாது பிடிக்கும் வாலிபர்களுக்கு, ஐம்பது வயதை எட்டுவதற்கு முன்பே, கொழுப்புப் படிவு இல்லாமலே கை கால்களின் சிறு தமனிகள் அழன்று உறைந்து அடைபடும் வேறொரு நோயும் உண்டு. 1879-இல் ஃபான் வினிவார்ட்டர் என்பவர் அதைக் கண்டு எழுதினார். 1908-இல் நியூயார்க்கில் லியோ பர்கர் என்ற வைத்தியர் வெட்டியெடுக்கப்பட்ட கால்களை நுணுகி ஆராய்ந்து விரிவாக விளக்கியபடியால் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. பீடி மலிந்த நம் நாட்டில் இது இன்னும் அரிய நோயாகிவிடவில்லை. காரணம் எதுவாயினும் ஒன்றை மட்டும் மனத்தில் இருத்தவேண்டும்: காயமில்லாத தோல் உயிரோடிருப்பதற்கு வேண்டிய ரத்தம் மிகச் சொற்பம், காயம்பட்ட தோல் ஆறுவதற்கு வேண்டியதோ அதினும் பன்மடங்கு. ஆகையால்தான், பல வருஷங்கள் யாதொரு தொந்தரவும் தராமல் இருந்த பாதம், செருப்பு வார் உராய்ந்த ஒரு கீறலாலோ, நகம் வெட்டும்போது நேர்ந்த ஒரு சிறு காயத்தாலோ, சித்திரை வெயிலில் கோயில் பிராகாரத்தை வெறுங்காலோடு வலம்வந்ததில் எழும்பிய ஒரு கொப்புளத்தாலோ திடீரென்று தன் வறுமையை வெளிப்படுத்திவிடுகிறது.

தமனி அடைபட்டால் நடக்கும் கால் நொண்டும் என்ற ஞானம் முதலில் மனிதனைப் பார்த்து வந்ததன்று, குதிரையைப் பார்த்து வந்தது என்பது சுவையான விஷயம். 1831-இல் பிரெஞ்சுக் கால்நடை வைத்தியராகிய பூலே, சிறிது தூரம் ஓடியதும் நொண்டுவதும் நின்றால் தேறுவதுமாக இருந்த குதிரை ஒன்றன் பின்னங்கால்களுக்குச் செல்லும் தமனிகள் அடைபட்டிருந்ததை எடுத்துக்காட்டினார். 1858-இல் ஷார்க்கோ அதே நொண்டலை மனிதரிடத்தில் இனங்கண்டு சொன்னார். இன்று உலகமெங்கும் ரத்த அழுத்தம் பார்க்கும்போது காதில் கேட்கும் ஒலிக்குப் பெயர் தந்தவரான கொரோட்கோவ், 1905-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ராணுவ வைத்தியக் கழகத்தில் அதை அறிவித்தபோது, அவர் இதய வைத்தியர் அல்லர். யுத்தத்தில் காயம்பட்டவர்களின் தமனிகளைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்த ரண வைத்தியர். ஒரு தமனியைக் கட்டிவிட்டால் அதற்கு அப்பாலுள்ள கை அல்லது கால் பிழைக்குமா, அழுகுமா என்பதை முன்கூட்டியே அறியும் கவலைதான் அவரைத் தமனியின்மேல் காதுவைத்துக் கேட்கச் செய்தது. ஆக, இன்று ஒவ்வொரு மருந்தகத்திலும் கையில் பட்டை சுற்றிக் காதால் கேட்கும் அந்த முறை, கை கால்களைக் காக்கும் கவலையில் பிறந்தது. நாம்தான் அதைக் கையோடு நிறுத்திவிட்டோம்.

மதிப்பீடு என்பது கேள்வியில் தொடங்கவேண்டும். எவ்வளவு தூரம் நடந்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது, நின்றால் எத்தனை நிமிஷத்தில் விடுகிறது என்பது முதல் கேள்வி. தண்டுவடத்தில் நரம்பு நெரிபட்டவருக்கும் நடக்கும்போது கால் வலிக்கும். ஆனால் அவருக்கு நின்றால் மட்டும் போதாது, குனியவோ உட்காரவோ வேண்டும். இரவு வலி இரண்டாவது கேள்வி. புகையிலை மூன்றாவது, இதை மனைவி மக்களுக்கு எதிரில் கேட்டால் உண்மை வராது என்பதை அனுபவமுள்ளவர்கள் அறிவார்கள். முன்னே மாரடைப்போ பக்கவாதமோ வந்ததுண்டா என்பது நான்காவது. இவற்றுக்கெல்லாம் ரோகி ‘இல்லை’ என்று பதில் சொன்னாலும் வைத்தியர் ஆறுதல் அடைந்துவிடக் கூடாது. நீரிழிவு நெடுநாள் நின்று நரம்புகளை மரக்கச் செய்திருந்தால் வலி தெரியாது. முழங்கால் தேய்ந்தோ மூச்சு இரைத்தோ வீட்டுத் திண்ணையைத் தாண்டாதவருக்கு நடந்தால் வரும் வலி வர வழியே இல்லை. இத்தகையவர்களிடம் நோய், நடை வலி, இரவு வலி என்ற இரண்டு படிகளையும் மௌனமாகக் கடந்து, விரல் கறுத்த நிலையிலேயே முதன்முதலாக அறிமுகமாகிறது. தமனி நோயைப் பற்றிய பாடங்களுள் மிகவும் கொடியது இந்த மௌனமே.

அடுத்தது கண். தமனிப் புண் பெரும்பாலும் விரல் நுனிகளிலும், விரல்களுக்கு இடையிலும், குதிகாலிலும், வெளிக்கணுவின் மேலும் தோன்றும், துளைக்கருவியால் வெட்டியெடுத்தாற்போல் ஓரம் செங்குத்தாக இருக்கும், அடிப்புறம் வெளுத்தோ, மஞ்சள் பூத்தோ, கறுத்த பொருக்கு மூடியோ இருக்கும், ஆறும் புண்ணில் காணும் சிவந்த புதுச்சதை அநேகமாக இராது, நீர்க்கசிவு சொற்பம், வலி மட்டும் புண்ணின் அளவுக்குச் சற்றும் பொருந்தாத பெருவலி. சுற்றியுள்ள தோல் மெலிந்து மினுமினுக்கும், மயிர் உதிர்ந்திருக்கும், நகம் தடித்திருக்கும். சிரைப் புண்ணோ உட்கணுவுக்கு மேலே, பரந்து, ஆழமின்றி, நீர் ஒழுகிக்கொண்டு, சுற்றிலும் தோல் பழுப்பேறிக் காணப்படும்; காலை உயர்த்திவைத்தால் சுகம் தோன்றும். நரம்பு மரத்ததால் வரும் புண் உள்ளங்காலில், உடலின் பாரம் அழுந்தும் இடத்தில், காய்ப்பின் நடுவே, வலியே இல்லாமல் குழிந்திருக்கும். இந்தக் கடைசி வகையை உலகத்துக்கு விளங்கச் செய்ததில் வேலூருக்குப் பெரும் பங்கு உண்டு. 1946-இல் அங்கே வந்து சேர்ந்த பால் பிராண்ட், குஷ்டரோகிகளின் விரல்களும் பாதங்களும் ‘நோயால் அழுகி விழுகின்றன’ என்று நெடுங்காலம் நிலவிய நம்பிக்கையை மறுத்து, உணர்ச்சியற்ற பாதம் மீண்டும் மீண்டும் அழுந்திக் காயப்படுவதே காரணம் என்று நிலைநாட்டினார். அந்தப் பாடத்தையே பின்னர் நீரிழிவுப் பாதத்துக்கும் பொருத்திக் காட்டினார்.

ஆனால் இப்படிப் பிரித்துச் சொல்வது ஏட்டுக்கு அழகு; உண்மையில் வரும் கால் இந்த எல்லைகளை மதிப்பதில்லை. நீரிழிவுக்காரரின் பாதத்தில் மரத்த நரம்பும் அடைபட்ட தமனியும் ஒன்றாகவே குடியிருப்பது சர்வ சாதாரணம். சிரைக் கோளாறும் தமனி அடைப்பும் ஒரே காலில் சேர்ந்திருப்பதும் அபூர்வமன்று. இது போதாதென்று, பாத நாடிகள் நன்றாகத் துடித்துக்கொண்டிருக்கும்போதே, நெடுநாள் ரத்தக் கொதிப்பால் சிறுதமனிகள் மட்டும் தடித்து, காலின் வெளிப்புறத்தில் தாங்கொணா வலியுடன் ஒரு புண் வருவதும் உண்டு. 1945-இல் அதை விவரித்த பார்சலோனா வைத்தியர் மார்ட்டொரெல்லின் பெயரால் அது வழங்குகிறது. வருஷக்கணக்கில் ஆறாத புண்ணின் ஓரம் தடித்து மேலெழும்பினால் புற்றாக இருக்கலாம் என்ற சந்தேகமும் வேண்டும்.

இங்கே ஒரு குறையைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. வெளுத்தல், சிவத்தல், நீலம் பாரித்தல் என்று பாடப் புத்தகங்கள் சொல்லும் லட்சணங்களெல்லாம் வெண்ணிறத் தோலைப் பார்த்து எழுதப்பட்டவை. நம்மவர்களின் கருநிறப் புறங்காலில் அவற்றைத் தேடும் மாணவன் ஒன்றும் காணாமல் ஏமாறுவான். உள்ளங்காலையும், நகக்கண்ணையும், விரல்களின் அடிச்சதையையும் நல்ல வெளிச்சத்தில் இரு கால்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் அவனுக்கு விடை கிடைக்கும். ரோகியைப் படுக்கவைத்துக் காலை உயர்த்திப் பிடித்தால் உள்ளங்கால் வெளுப்பதும், பிறகு கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டால் மெதுவாகச் செந்நீலமாகச் சிவந்து வருவதும் பர்கர் வகுத்த பரீட்சை. இருபது பாகைக்குக் குறைவாக உயர்த்தியபோதே பாதம் வெளுத்துவிடுமானால் ரத்த வறுமை கடுமையானது. தொங்கும்போது வரும் அந்தச் சிவப்பைக் கிருமி அழற்சி என்று மயங்கி வாரக்கணக்கில் மருந்து கொடுப்பவர்கள் உண்டு. காலை உயர்த்தினால் மறைந்துபோகும் சிவப்பு அழற்சியால் வந்ததாகாது என்ற ஒரு விதியை நினைவில் வைத்தால் இந்த மயக்கம் தீரும்.

கண்ணுக்குப் பிறகு விரல். நாடி பார்ப்பதில் நம் நாட்டுக்கு இருக்கும் பெருமையைப் பற்றி யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வாத பித்த கபங்களை மணிக்கட்டில் மூன்று விரல் வைத்துப் பகுத்துரைத்த மரபு நம்முடையது. அந்த விரல்கள் முழங்காலுக்குக் கீழே இறங்கத் தயங்குவதுதான் வியப்பு. ஒருவருடைய காலைத் தொடுவது நம் சமூகத்தில் வணக்கமாகவோ இழிவாகவோ கருதப்படுகிறதே ஒழிய, சாதாரணப் பரீட்சையாகக் கருதப்படுவதில்லை. சீழ் வழியும் காலைத் தொடுவது பற்றிச் சொல்லவேண்டியதே இல்லை. தொடை இடுக்கில் ஒன்று, முழங்காலின் பின்குழியில் ஒன்று, உட்கணுவுக்குப் பின்னே ஒன்று, புறங்காலின்மேல் ஒன்று என ஒவ்வொரு காலிலும் நான்கு நாடிகள் உண்டு. தொடை நாடி இருந்து அதற்குக் கீழே யாவும் இல்லையென்றால் அடைப்பு தொடையிலே இருக்கிறது என்று, கருவி எதுவும் இல்லாமலே அனுமானித்துவிடலாம். புறங்கால் நாடி பிறவியிலேயே சிலருக்குத் தட்டுப்படாது. ஆகவே அது ஒன்று இல்லாததை மட்டும் கொண்டு தீர்ப்புச் சொல்லலாகாது. பரீட்சிப்பவர் தம் விரல் நுனியின் துடிப்பையே ரோகியின் நாடி என்று எண்ணிவிடுவதும் உண்டு. சந்தேகம் தோன்றினால், காலில் ஒரு கையும் ரோகியின் மணிக்கட்டில் மறு கையும் வைத்து இரண்டும் ஒத்துத் துடிக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளவேண்டும். புறங்கையால் தொட்டு உஷ்ணம் எந்த இடத்தில் மாறுகிறது என்று பார்ப்பதும் உதவும்.

விரலின் சாட்சியம் திறமையைப் பொறுத்து மாறுவதால், அதை எண்ணாக மாற்றும் தேவை ஏற்பட்டது. 1842-இல் பிராக் நகரத்தில் கிறிஸ்டியான் டாப்ளர், நட்சத்திரங்களின் நிறத்தை விளக்குவதற்காகச் சொன்ன தத்துவம், நூறு வருஷத்துக்கு மேல் கழிந்தபின் மனித ரத்தத்தின் ஓட்டத்தைக் காதால் கேட்கும் கருவியாக வடிவெடுத்தது. ரோகியைச் சுமார் பத்து நிமிஷம் சமமாகப் படுக்கவைத்து, இரு கைகளிலும் இரு கணுக்கால்களிலும் பட்டை சுற்றி அந்தக் கருவியால் அழுத்தம் பார்த்து, கணுக்காலின் எண்ணைக் கைகளில் அதிகமாக உள்ள எண்ணால் வகுக்கவேண்டும். கையில் 150, கணுக்காலில் 75 என்றால் விகிதம் 0.5. சாதாரணமாக இது ஒன்றும் அதற்குச் சற்று மேலுமாக இருக்கும், 0.9-க்குக் கீழே போனால் தமனி அடைப்பு உண்டு என்று கொள்ளலாம்; 0.5-க்குக் கீழே இருக்கும் காலில் உள்ள புண் தானாக ஆறும் என்று காத்திருப்பது ஆபத்து. இறுக்கிக் கட்டுவதற்கும் இதே எண்தான் அதிகாரி: 0.8-க்குக் குறைந்தால் முழு இறுக்கம் கூடாது, 0.5-க்குக் குறைந்தால் இறுக்கவே கூடாது.

இவ்வளவு எளிதான ஓர் அளவு கிடைத்துவிட்டதே என்று மகிழும்போது, நீரிழிவு மறுபடியும் குறுக்கிடுகிறது. 1903-இல் மோன்கபெர்க் விவரித்தபடி தமனியின் நடுச்சுவரில் சுண்ணாம்பு படிந்து குழாய் விறைத்துப் போயிருந்தால், எவ்வளவு காற்றடித்தாலும் அது அழுந்தாது. உள்ளே ஓட்டம் நூலிழையாக இருக்கும்போதே கருவி 1.4 என்றும் அதற்கு மேலும் காட்டும். அந்த எண்ணைவிட அபாயமானது, பாதி விறைத்த தமனி காட்டும் 1.0 என்ற சாந்தமான எண். அதைப் பார்த்து யாருக்கும் சந்தேகம் எழாது. நீரிழிவுக்காரரின் கணுக்கால் எண் நன்றாயிருக்கிறது என்பதை மட்டும் நம்பி அவரை வீட்டுக்கு அனுப்புகிறவர், சாட்சியைக் குறுக்குவிசாரணை செய்யாமல் தீர்ப்பு எழுதும் நீதிபதிக்குச் சமானம். கட்டைவிரலின் சிறு தமனிகளில் இந்தச் சுண்ணாம்பு அவ்வளவாகப் படிவதில்லை. ஆதலால் அங்கே சிறிய பட்டை சுற்றி அழுத்தம் பார்ப்பதே இத்தகையோருக்கு நம்பத்தக்க பிரமாணம். விரலில் 30 மில்லிமீட்டர் பாதரசத்துக்குக் குறைந்தாலும், கணுக்காலில் 50-க்குக் குறைந்தாலும் கால் ஆபத்தில் இருக்கிறது. தோலின்மேல் வெதுவெதுப்பான உணர்கருவி ஒன்றை ஒட்டி, தோல் வழியே வெளிவரும் பிராணவாயுவை அளக்கும் முறையும் உண்டு. அதிலும் 30-க்குக் கீழே புண் ஆறுவது சந்தேகமே.

கிருமி தொற்றியிருக்கிறதா என்று பார்ப்பதும் இந்த மதிப்பீட்டில் பிரிக்கமுடியாத பகுதி. சிவப்பும் சூடும் வீக்கமும் ரத்தம் கொண்டுவந்து சேர்க்கும் அடையாளங்கள். ரத்தமே வராத பாதத்தில் அவை அடங்கியே தோன்றும். உள்ளே சீழ் தேங்கியிருக்க வெளியே பாதம் சாதுவாகக் காட்சியளிக்கும். மழுங்கிய உலோகச் சலாகையைப் புண்ணுக்குள் மெதுவாகச் செலுத்தும்போது எலும்பு தட்டுப்பட்டால், எலும்புக்குள்ளும் கிருமி இறங்கியிருக்கக்கூடும் என்று கொள்ளவேண்டும். இதற்கு எதிர்ப்புறத்தில், உலர்ந்து கறுத்து, வாடையோ சீழோ இன்றி எல்லைகட்டி நிற்கும் விரலையும், குதிகாலில் இறுகிப் படிந்த பொருக்கையும், ரத்த ஓட்டத்தைச் சீராக்குவதற்கு முன்னால் ‘சுத்தம் செய்கிறேன்’ என்று சுரண்டத் தொடங்குவது பெருந்தவறு. சுரண்டிய இடமெல்லாம் ஆறாத புதுப் புண்ணாகும். ஈரமாகிச் சீழ் பிடித்தாலோ தாமதம் கூடாது. அப்போது முதலில் சீழை வெளியேற்றிவிட்டு, உடனே ரத்தத்துக்கு வழி தேடவேண்டும்.

இவ்வாறு திரட்டிய செய்திகளை வகைப்படுத்தும் முயற்சி 1954-இல் ஃபோன்டேன் வகுத்த நான்கு படிகளில் பிரசித்தி பெற்றது: குறியற்ற நிலை, நடந்தால் வலி, படுத்தாலும் வலி, புண்ணும் அழுகலும். அது சுருக்கமானது, மறக்கமுடியாதது, ஆனால் நான்காம் படியில் சுண்டுவிரல் நுனியின் கீறலையும் பாதி பாதம் அழுகியதையும் ஒரே சிறையில் அடைத்தது. 2014-இல் அமெரிக்க ரத்தக்குழாய் ரண வைத்தியர் சங்கம் வெளியிட்ட முறை, புண், ரத்த வறுமை, கிருமித் தொற்று ஆகிய மூன்றுக்கும் தனித்தனியே பூஜ்யம் முதல் மூன்றுவரை எண் தருகிறது. அறுபத்துநான்கு சேர்க்கைகளையும் நான்கு அபாய நிலைகளாகத் தொகுக்கிறது. மனப்பாடத்துக்கு இது உகந்ததன்று. ஆயினும் மூன்றில் எது காலைக் கொல்கிறது என்று பிரித்துச் சொல்வதால், இதுவரை வந்த முறைகளில் இதையே மேலானதாகக் கருதுகிறேன்.

வழி எங்கே அடைபட்டிருக்கிறது என்று படம் எடுப்பது அதற்கு அடுத்த வேலை. சிகிச்சை செய்ய உத்தேசமில்லாத காலுக்குப் படம் எடுப்பது வீண். 1929-இல் லிஸ்பனில் ரெய்னால்டோ தோஸ் சான்டோஸ் முதுகுப்புறமாக ஊசி செலுத்திப் பெருந்தமனியை எக்ஸ்-ரேயில் துலங்கச் செய்ததும், 1953-இல் செல்டிங்கர் மெல்லிய கம்பி வழியாகக் குழாய் நுழைக்கும் உபாயத்தைக் கண்டதும், இன்றைய ஆஞ்சியோகிராமுக்கு அடிப்படை. இப்போது பெரும்பாலும் முதலில் டாப்ளர் ஸ்கேன் செய்கிறார்கள்; நீரிழிவால் மூத்திரக்காய் பழுதுபட்டவருக்குச் சாயமருந்து தீங்கு செய்யலாம் என்பதால் அது நல்ல வழக்கமே. படத்தில் கண்ட அடைப்பைத் தீர்க்க இரண்டு வழிகள் உண்டு. 1948-இல் பாரிஸில் குன்லின், ரோகியின் சொந்தச் சிரையையே எடுத்துத் தலைகீழாகத் திருப்பி, அடைப்பைத் தாண்டிப் புதுவழியாகத் தைத்தார். 1964 ஜனவரி 16-ஆம் தேதி அமெரிக்காவின் போர்ட்லண்டில், விரல்கள் அழுகிய நிலையிலும் காலை வெட்ட ஒப்பாத 82 வயது மூதாட்டி ஒருவரின் தொடைத் தமனியைச் சார்ல்ஸ் டாட்டர் குழாய் நுழைத்து அகலப்படுத்தினார். பாதம் சூடேறி, புண் ஆறி, அந்த அம்மையார் சாகும்வரை இரு கால்களோடே நடந்தார்.

இவ்விரு வழிகளுள் எது உத்தமம் என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. 2022-இல் வெளியான ஒரு பெரிய ஆராய்ச்சி, நல்ல சிரை அமைந்தவர்களுக்குச் சிரை கொண்டு வழி அமைப்பதே மேல் என்றது. 2023-இல் வெளியான மற்றொன்று, முழங்காலுக்குக் கீழே அடைப்புள்ளவர்களுக்குக் குழாய் வழிச் சிகிச்சையை முதலில் செய்வதே மேல் என்றது. இரண்டும் நேர்மையான ஆராய்ச்சிகளே. ரோகிகளும் அடைப்பின் ஸ்தானங்களும் வேறு வேறாயிருந்தன. ஆகவே எந்தக் காலுக்கு எது என்று தீர்மானிக்கும் பொறுப்பு மறுபடியும் மதிப்பீட்டின் தலையிலேயே வந்து விழுகிறது.

அந்த மதிப்பீடு முழங்காலோடு நிற்கவும் கூடாது. காலின் தமனி அடைபட்டவருக்கு இதயத் தமனியும் மூளைக்குச் செல்லும் தமனியும் பெரும்பாலும் சுத்தமாயிருப்பதில்லை. இவர்களில் பலரின் உயிரை வாங்குவது காலன்று, மாரடைப்பு. ரத்தசோகையும் போஷாக்குக் குறைவும் இருக்கின்றனவா என்று பார்க்காமலும், பீடியை நிறுத்தச் சொல்லாமலும் முடிக்கப்பட்ட பரீட்சை அரைகுறையானதே; பர்கர் நோயில் புகையிலையை அடியோடு விடுவதைவிடச் சிறந்த சிகிச்சை இன்றுவரை இல்லை.

புண்ணுக்குக் கட்டுப்போடும் ஒவ்வொரு இடத்திலும், கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையமாயினும் சரி, பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியாயினும் சரி, பஞ்சும் களிம்பும் இருக்கும் அதே மேஜையில் கைக்கு அடக்கமான ஒரு டாப்ளர் கருவியும் இருக்கவேண்டும். அது வரும்வரை, கட்டை அவிழ்க்கும் கை எதுவோ அதுவே முதலில் உட்கணுவுக்குப் பின்னும் புறங்காலின்மேலும் விரல் வைத்து, நாடி உண்டு அல்லது இல்லை என்று சீட்டில் எழுதிவிட்டுப் புண்ணைத் தொடவேண்டும். எழுதாத சீட்டைக் கண்டால், அதை எழுதித் தரும்படி கேட்க ரோகிக்கும் அவர் வீட்டாருக்கும் உரிமை உண்டு.